2024-25 ஆண்டறிக்கை: சிகிச்சையும் சிரிப்பும்

தலைவர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள், துணைக்கு வந்திருக்கும் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் கூட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன், அதிலும் பெரும்பகுதி ஒரே விஷயம்தான். மாதக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தில் நம் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது சிரிப்பு வந்த சம்பவம் எதையாவது யாராவது சொல்லலாம் என்று போன ஆண்டுப் பொதுக்குழுவில் முடிவெடுத்தோமே, அது.

எதிர்ப்பு இருந்தது. கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா எழுந்து, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு விதிகள் வைத்தோம். யாருக்கு வியாதியோ அவர்தான் அதைப் பற்றிக் கேலி பேசலாம், பார்க்க வருகிறவர்கள் பேசக்கூடாது. சிரிக்க முடியாதவர்களை யாரும் "கொஞ்சம் சிரிங்களேன்" என்று நச்சரிக்கக் கூடாது, அழுகை வந்தால் அழுதுவிட்டுப் போகட்டும்.

முதல் கூட்டத்திலேயே மொட்டைப் பேச்சு வந்துவிட்டது. கீமோ என்கிற மருந்துச் சிகிச்சை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பிக்கும், எல்லா மருந்துக்கும் இல்லை, ஆனால் பல மருந்துகளுக்கு. நம் ஊரில் மொட்டைத் தலையோடு வெளியே போனால் முதல் கேள்வி "திருப்பதியா, பழனியா?" என்பதுதானே. மேடவாக்கத்தில் இருந்து வரும் உறுப்பினர் ஒருவர் காய்கறிக் கடையில் "எந்தக் கோயில்?" என்று கேட்டவரிடம், தான் கீமோ எடுக்கும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் "அடையாறு" என்று சொல்லியிருக்கிறார். "பிரசாதம் எங்கே?" என்று அவர் விடவில்லை. "ஆறு டோஸ் குடுத்தாங்க, முழுசும் நானே வாங்கிக்கிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு வெண்டைக்காய் பொறுக்கப் போய்விட்டாராம். விஷயம் புரிந்த கடைக்காரர் அன்றைக்குக் கொத்தமல்லி, கறிவேப்பிலை கொஞ்சம் தாராளமாகவே போட்டார் என்று சொன்னபோது அரங்கில் பெரிய கைத்தட்டல்.

நம் ஆட்டோ ஓட்டும் அண்ணன் சொன்னது இன்னொன்று. வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தலையும் கழுத்தும் அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்வார்கள். பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டால் வாட்டிய வாழையிலை மாதிரி துவண்டு போகும், அதை முகத்தில் அமுக்கி வைத்தால் ஆறும்போது நம் மூக்கு, தாடை எல்லாம் அதில் அப்படியே பதிந்துவிடும். ஆறு வாரத்துக்கு மேல், வாரத்துக்கு ஐந்து நாள், அதை மாட்டி மேசையோடு இறுக்கிவிடுவார்கள். பலருக்கு மூச்சு முட்டுகிற பயம் வரும், அவருக்கும் வந்தது. சிகிச்சை முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் திருஷ்டி பொம்மைக்குப் பதிலாக மாட்டிவிட்டார். "என் மூஞ்சிதான் சார் அது, இப்பதான் வேலைக்கு ஆகுது." எச்சில் சுரப்பு குறைந்துபோனதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் இதைச் சொல்லி முடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் நம் ரோஸ்மில்க் அக்கா. டாக்ஸோரூபிசின் என்ற மருந்து சிவப்பாக இருக்கும், ஏறிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவந்து போகும். தெரியாதவர்கள் ரத்தம் என்று நடுங்கிவிடுவார்கள். அக்கா அதற்கு ரோஸ்மில்க் என்று பெயர் வைத்து, புதிதாக வருகிறவர்களிடம் "ரோஸ்மில்க் உள்ள போனா ரோஸ்மில்க்காத்தான் வெளிய வரும், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பக்கத்துப் படுக்கையில் அழுதுகொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, தனக்கு ஏறுகிற மஞ்சள் நிற மெத்தோட்ரெக்ஸேட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு பாதாம் பாலா அக்கா?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் இப்போது நம் உறுப்பினர்.

அக்கா இந்த ஆவணியில் நம்மை விட்டுப் போய்விட்டார். நம்மில் அவரைவிட அதிகம் சிரித்தவர் யாரும் இல்லை, அவரைவிடத் தைரியமானவரையும் நான் பார்த்ததில்லை. இதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். "பாசிட்டிவ்வா இருந்தா குணமாயிடும்" என்று நம்மிடம் சொல்லாதவர்கள் இல்லை. அதன் மறுபக்கம் என்ன? குணமாகாதவர் சரியாகச் சிரிக்கவில்லை, மனசு விட்டுவிட்டார் என்று ஆகிவிடாதா? தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. மனம் எப்படி இருந்தது என்பதற்கும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் அதில் தொடர்பு காணப்படவில்லை. மருந்து மருந்தின் வேலையைச் செய்யட்டும். நாம் சிரிப்பது அந்த மூன்று நான்கு மணி நேர டிரிப்ஸ் நமக்கும் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் கழிய வேண்டும் என்பதற்காக, நோயாளி என்ற ஒன்றைத் தவிர நாம் வேறு பலராகவும் இருக்கிறோம் என்பது மறந்துபோகாமல் இருப்பதற்காக. அது போதாதா?

சிரித்துச் சமாளிக்கக் கூடாதது ஒன்று உண்டு, இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். "யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடாதீர்கள்.

ஜனவரி 19, டாக்டர் சாந்தா நினைவு நாளில் கூடினோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில், அடுத்த ஆண்டே சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தவர் சாந்தா. இளம் உறுப்பினர்கள் பலருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கவில்லை, இனி ஆண்டுதோறும் பேசலாம்.

மற்றவை: ரயில் கட்டணச் சலுகைப் படிவம் நிரப்ப உதவும் மேசை நன்றாக நடக்கிறது. சிகிச்சைக்குப் போய்வர நோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறது. ஒன்று, துணைக்கு வரும் வீட்டாருக்குத் தனியாக ஒரு மாதக் கூட்டம். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் நம் முன்னால் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். இரண்டு, காலையில் குமட்டல் அதிகம் என்று பலர் சொல்வதால் கூட்ட நேரத்தை மாலை 4 மணிக்கு மாற்றுவது. இரண்டுக்கும் கை தூக்கி ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன்பின் புதிய பொருளாளர் தேர்தல். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளைக்கு முன் தலைவரிடம் சொல்லிவிடவும்.

செயலாளர்