158 கிலோ டேங்கைப் பற்றி ஒரு புகார்

நாள்: 25.09.2025
இடம்: நாகப்பட்டினம்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
டீசல் டேங்க் தயாரிப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் விசைப்படகுக்குச் செய்து கொடுத்த எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) டீசல் டேங்க் மூன்று மாதத்தில் விரிசல் விட்டது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இந்த விஷயமாக உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறை "ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் வரவில்லை. நான்காவது முறை பேசிய தம்பி, "அது பழைய போட்டு சார், அது ஆடுற ஆட்டத்துக்கு எந்த டேங்கும் நிக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்தக் கடிதம் அந்தப் பேச்சுக்குப் பதில்.

படகு பழையதுதான், மறைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு 2006இல் கட்டியது. மர உடம்பு, மேலே பைபர் பூச்சு, 52 அடி நீளம். இன்ஜினுக்கு இடமும் வலமும் ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்பு டேங்க் ஒவ்வொன்று. இடது பக்க டேங்க் போன வருடக் கடைசியில் அடியில் கசிய ஆரம்பித்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. டீசலோடு சேர்ந்து வரும் தண்ணீர் அடியில் தங்கி உள்ளிருந்து அரிக்கும். டேங்க் உட்கார்ந்திருக்கும் மரக்கட்டை எந்நேரமும் ஈரமாக இருப்பதால் வெளியிலிருந்தும் துரு ஏறும். 18 வருடம் உழைத்த இரும்பு அது. சோப்புக்கட்டியைத் தேய்த்து, மேலே எம்-சீல் அப்பி, சில மாதம் ஓட்டினோம். வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். டீசல் ஆவி நிற்கும் டேங்கில் தீப்பொறி பட விடும் துணிச்சல் எனக்கு இல்லை. புதிதாகவே போட்டுவிடலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

எங்கள் மாதிரிப் படகுகளில் டேங்கை மாற்றுவது மோட்டார் சைக்கிளில் டேங்க் மாற்றுவது போன்ற வேலை இல்லை. படகு கட்டும்போதே டேங்கை இறக்கி வைத்துவிட்டு அப்புறம்தான் மேல்தளப் பலகையை அடித்து மூடுவார்கள். இன்ஜின் ரூம் வாசல் வழியாக அது வெளியே வராது. தளத்தை அறுக்க வேண்டும், குறுக்குச் சட்டம் இரண்டைக் கழற்ற வேண்டும், செயின் பிளாக் கட்டித் தூக்க வேண்டும். திரும்பவும் பலகை அடித்து, இடுக்கு அடைத்து, பைபர் பூசிக் காய வைக்க வேண்டும். மே மாதம் இதற்கு மட்டும் எனக்கு 58,000 ரூபாய் ஆனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு சும்மா நிற்கும் அந்த நாட்களில் செய்துவிட்டால் தொழில் கெடாது என்று திட்டமிட்டுத்தான் பிப்ரவரியிலேயே உங்களிடம் முன்பணம் கட்டினேன்.

உங்கள் பில்லில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 316 எஸ்.எஸ். தகடு, கனம் 4 மி.மீ., அளவு 150 x 90 x 75 செ.மீ., உள்ளே தடுப்புத் தகடு 2, விலை 1,32,000 ரூபாய். டேங்க் வந்து இறங்கிய அன்றே காற்று ஏற்றி, எல்லா வெல்டிங் மேலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. உங்கள் ஆள் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 316" என்றார். 316-ஐவிட விலை குறைந்த ரகமான 304 தகட்டிலும்தான் காந்தம் ஒட்டாது. அதை அன்றைக்கு நான் பேசவில்லை, இப்போதும் அதைப் புகாராகச் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டதே என்ற நிம்மதியில் மேன்ஹோல் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் விட்டேன். அது மட்டும்தான் என் தப்பு.

ஜூன் 15 கடலுக்குப் போனோம். நான்கு தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் பயணம்) வரை ஒரு குறையும் இல்லை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஐந்தாவது தங்கலின் மூன்றாம் நாள் ராத்திரி, இன்ஜின் ரூமில் டீசல் வாடை தூக்குகிறது என்று என் தம்பி (அவன்தான் படகு ஓட்டுகிறான்) மற்றவர்களை எழுப்பியிருக்கிறான். இறங்கிப் பார்த்தால் அடித்தண்ணீர் மேல் விரல் கனத்துக்கு டீசல். தண்ணீர் இறைக்கும் பம்ப் அதைக் கடலுக்குள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. வலது டேங்குக்கு மாற்றி, பிடித்ததோடு போதும் என்று திரும்பிவிட்டார்கள். 340 லிட்டர் போச்சு.

அதைவிடப் பெரிய நஷ்டம் கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இன்ஜின் ரூமுக்கும் மீன் கிடங்குக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். அதன் கீழ்மூலை வழியாக டீசல் கிடங்குக்குள் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் அடுக்கியிருந்தது முழுக்கக் கணவாய். கம்பெனிக்கு எடுக்கும் வியாபாரி ஒரு பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த படகுக்கு நடந்துவிட்டார். ஏலம் விடும் இடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பெட்டிகளை அப்படியே ஒதுக்கி வைத்தோம். 43,000 ரூபாய்ச் சரக்கு கருவாட்டுக்குக்கூட ஆகவில்லை.

மற்ற படகெல்லாம் கடலில் இருக்கும்போது எங்கள் படகு மட்டும் கட்டிக் கிடந்தது. தளத்தை மறுபடி அறுத்தோம். டேங்கின் பின்பக்கத் தகட்டில், கீழ் மூலை வெல்டிங்கின் ஓரமாக 11 செ.மீ. நீளத்துக்கு விரிசல். அந்தத் தகட்டைக் கையால் அழுத்தினால் எண்ணெய் டின் மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறது. 4 மி.மீ. தகடு இப்படிச் செய்யுமா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பக்கத்தில் மீன் எடை போடும் 300 கிலோ தராசு இருந்தது. காலி டேங்கைத் தூக்கி அதில் வைத்தோம். 158 கிலோ காட்டியது.

இந்தக் கணக்கை உங்கள் பட்டறையில் யாரும் போட்டுப் பார்க்கலாம். எஸ்.எஸ். தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனத்துக்கு 8 கிலோ. உங்கள் டேங்கின் ஆறு பக்கமும் சேர்ந்து 6.3 சதுர மீட்டர். 4 மி.மீ. என்றால் வெளிக்கூடு மட்டுமே 200 கிலோவைத் தாண்ட வேண்டும். இரண்டு தடுப்புத் தகட்டுக்கும் ஓட்டையெல்லாம் கழித்தாலும் மேலே 30 கிலோவாவது வேண்டும். 3 மி.மீ. தகட்டில் தடுப்பே இல்லாமல் செய்தால் 151 கிலோ. மூடி, பைப் எல்லாம் சேர்த்தால் தராசு காட்டியதுதான் வரும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தோம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறும் பெட்டி. மேன்ஹோல் வாயில், கனம் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தால் 2.9 மி.மீ.

தடுப்பு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் போனில் பேசிய தம்பிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரம் லிட்டர் டீசல் என்பது 800 கிலோவுக்கு மேல் எடை. டேங்க் பாதி காலியானதும் படகு ஒவ்வொரு முறை முன்னும் பின்னும் ஆடும்போது மீதி இருக்கும் டீசல் முழுக்க ஓடிப்போய் முனைத் தகட்டில் மோதும். தடுப்பு இருந்தால் அந்த ஓட்டம் நடுவிலேயே உடைந்து அடங்கும். இல்லாவிட்டால் தகடு உள்ளே வெளியே போய்வந்து, அசையாத இடமான வெல்டிங் ஓரத்தில் சோர்ந்து விரியும். அன்றைக்கு ஒரு குமிழிகூட வராத வெல்டிங் மூன்று மாதத்தில் விரிந்த காரணம் இதுதான்.

படகு ஆடுவதுதான் காரணம் என்றால் இன்னொரு கேள்வி. வலது பக்கம் இருப்பது 2006இல் வைத்த அதே இரும்பு டேங்க். அதே இன்ஜின், அதே கடல், அதே ஆட்டம். 19 வருடமாக அதில் ஒரு விரிசல் இல்லை. கழற்றிப் போட்ட பழைய இடது டேங்கைக்கூட அடியில் துரு ஓட்டை போட்டதே தவிர, ஒரு வெல்டிங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய இரும்புக்காரர் அதை அறுத்தபோது உள்ளே பார்த்தேன். தடுப்பு இரண்டு இருந்தது.

இப்போது இங்கேயே ஒரு பட்டறையில் அதே அளவில், 4 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில், தடுப்பு வைப்பதைக் கூட நின்று பார்த்துச் செய்து வாங்கிப் பொருத்திவிட்டேன். அதையும் அதே தராசில் வைத்தோம். 247 கிலோ.

நான் கேட்பது இவ்வளவுதான். டேங்க் விலை 1,32,000. இரண்டாம் முறை தளம் அறுத்து மூடிய செலவு 61,500. கெட்டுப்போன மீன் 43,000. ஆக மொத்தம் 2,36,500 ரூபாய். கடலில் போன டீசலையும், தொழில் இல்லாமல் நின்ற 19 நாளையும், அந்த நாட்களுக்கு ஆட்களுக்கு நான் கொடுத்த செலவுப் பணத்தையும் இதில் சேர்க்கவில்லை. "வாரண்டியில் டேங்க் மட்டும்தான் மாற்றித் தருவோம்" என்று பில்லின் பின்னால் அச்சடித்திருப்பதைப் படித்தேன். சொன்னபடி செய்த பொருளில் வரும் பழுதுக்குத்தான் அந்த வரி பொருந்தும். இது பில்லில் இருக்கும் டேங்கே இல்லை.

வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு நிற்காது என்றும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சொந்தத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்குகிறவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. நானும் தம்பியும் இந்த ஒரு படகை வைத்துத்தான் பிழைக்கிறோம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கக் கட்டணமும் இல்லை. அங்கே போக எனக்கு ஆசையில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலுக்குப் போகிற நாளே குறைவு. கிடைக்கிற நாளில் ஆணைய வாசலில் நிற்க யாருக்கு மனம் வரும்? ஆனால் இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளில் பதில் வராவிட்டால் போவேன்.

டேங்கைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. வலைக்கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம், அளக்கலாம். எங்கள் தராசு மீது நம்பிக்கை இல்லை என்றால் வரும்போது உங்கள் தராசையே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், விரிசலின் படங்கள், இரண்டு டேங்கும் தராசில் இருக்கும் படங்கள், தளம் அறுத்த வேலைக்கான ரசீது.