டாங்ரா ஆன்ட்டிக்கு, பெயர்ப்பலகையைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள ஆன்ட்டி,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இத்தனை வருடமாக நாம் இருவரும் அரைகுறை இந்தியில்தான் பேசிவருகிறோம். ஆனாலும் இதைத் தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இந்தியில் வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். இந்தியில் யோசித்தால் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கம் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ஒரு பாஸ்ட் புட் தள்ளுவண்டி நிற்கும், அதில் சில்லி சிக்கனும் ஹக்கா நூடுல்ஸும் இருக்கும். அந்த ‘ஹக்கா’ என்பது சீனாவிலிருந்து வந்த உங்கள் ஜனங்களின் பெயர் என்பது சாப்பிடுகிற பலருக்குத் தெரியாது. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

பிப்ரவரியில் உங்கள் புத்தாண்டு முடிந்ததும் கல்கத்தா டாங்ராவில் இருக்கும் உங்கள் சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு டொராண்டோவுக்கு மகனிடம் போகப்போகிறீர்கள் என்று உங்கள் சமையல்காரர் தர்பங்கா அண்ணன் போனில் சொன்னார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. முட்டி வலியோடு பத்து மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் போங்கள். கடையைப் பற்றித்தான் பேச வந்தேன், கொஞ்சம் கேளுங்கள்.

நான் முதல்முதலாக வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தாவை அடுத்த பான்தாலா தோல் வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உடன் வேலை செய்பவர்கள் சாயங்காலம் அழைத்து வந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். பலகை போட்டு மூடிய தொட்டிகள், செங்கல் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த சுண்ணாம்பு, ஒரு மூலையில் உடைந்த மர டிரம். ஆம்பூரில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. “இது தோல் பதனிடும் ஷாப்பா?” என்று கேட்டேன். எப்படித் தெரியும் என்றீர்கள். என் அப்பா இருபது வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர், அவர் வேட்டியில் இருந்த வாசனை இந்தச் சுவரில் இருக்கிறது என்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், மெனுவில் இல்லாத ஒன்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தீர்கள். உப்பிட்டு உலர்த்திய கடுகுக்கீரையோடு ஆவியில் வெந்த பன்றிக்கறி. வீட்டுக்காக வைத்திருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தோலைத் தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுங்கி நின்றபோது, கல்கத்தாவின் கிழக்கு எல்லையில் சதுப்பாகக் கிடந்த இந்த இடத்தில் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டவர்கள் உங்கள் பெரியவர்கள். 300 அளவுக்கு டேனரிகள் இருந்த இடம் இது. அப்புறம் 1996. ஆகஸ்டில் எங்கள் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, டிசம்பரில் உங்களைப் பான்தாலாவுக்கு இடம் மாறச் சொன்னது. தீர்ப்பு தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே மனை வாங்கிப் புதிதாக மிஷின் போட உங்கள் அப்பாவிடம் பணம் இல்லை. தொட்டியை மூடினார், டிரம் ஓடிய கூடத்தில் மேசை போட்டார். அவரை அனுப்பிவைக்கப் பார்த்த அதே பான்தாலாவில்தான் இன்றைக்கு எனக்குச் சம்பளம். உங்கள் கடையில் உட்காரும்போதெல்லாம் இது மனதில் வந்துபோகும்.

உங்கள் அம்மாவின் கதையை நீங்கள் எனக்குச் சொல்ல ஏழு வருடம் ஆயிற்று. கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன், இரட்டைப் பின்னலோடு ஒரு பெண், பின்னால் செருப்புக்கடை. ஷில்லாங் என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள். ஒரு மழை நாள், கூட்டமே இல்லை, பாதி விளக்கை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள். 1962 சீனப் போர் நேரத்தில் போலீஸ் வந்து, ஒரு பையில் கொள்ளும் துணியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, நாட்கணக்கில் ரயிலில் வைத்து ராஜஸ்தான் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றீர்கள். 14 வயதுப் பெண்ணிடம் இந்த நாட்டுக்கு என்ன ஆபத்து? அப்படி 3000 பேர் அளவில் அடைக்கப்பட்டார்கள். கடைசி ஆட்கள் வெளியே வர 1967 ஆகிவிட்டது. உங்கள் அம்மா திரும்பி வந்தபோது ஷில்லாங் கடை ஏலத்தில் போயிருந்தது. அதனால்தான் டாங்ராவில் வாக்கப்பட்டார். பள்ளியில் எனக்கு 1962 போர் ஒரு பாடம், தேவ்லி என்ற பெயர் அதில் இல்லவே இல்லை.

2020 ஜூனில் லடாக்கில் சீனாவோடு சண்டை நடந்தபோது உங்கள் கேட்டில் தேசியக்கொடி கட்டியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு வயிறு பிசைந்தது. யாருக்கு எதை நிரூபிக்க வேண்டியிருந்தது உங்களுக்கு? அன்றைக்குக் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டியவர் தர்பங்கா அண்ணன். கடையில் வியாபாரமே இல்லாத அந்த மாதங்களில் தினமும் ராத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்தவரும் அவர்தான்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

அவருடைய அப்பா பீகாரிலிருந்து வந்து உங்கள் டேனரியில் தோல் இழுத்தவர். மகன் அதே கூடத்தில் 26 வருடமாக வோக் வாணலி முன்னால் நிற்கிறார். உங்களோடு ஹக்கா பேசுகிறார். உங்கள் மகனைவிட நன்றாகப் பேசுகிறார் என்று நீங்களே ஒருமுறை பெருமையாகச் சொன்னீர்கள். சில்லி சிக்கனுக்குப் பச்சை மிளகாயை எந்த நொடியில் போட வேண்டும், பௌ சாங் சாஸ் எவ்வளவு, அடுப்புத் தீயின் சத்தம் எப்படி மாறும்போது இறக்க வேண்டும், எல்லாம் உங்கள் அப்பாவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. தீபாவளி ராத்திரி சீனக் காளி கோயிலுக்கு நூடுல்ஸ் படையல் உங்கள் வீட்டிலிருந்து போகும்போது தட்டைச் சுமப்பவரும் அவர்தான். அவரிடம் போய் “வேறு எங்காவது வேலை பார்த்துக்கொள்” என்று சொல்லியிருக்கிறீர்கள். கோபத்தில் சொன்னதில்லை, வேறு வழி தோன்றாமல் சொன்னது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் போனில் அழுதார், ஆன்ட்டி.

கடையை அவரிடம் கொடுங்கள். வாடகைக்கோ, பங்குக்கோ, உங்களுக்கு எது சரிப்படுமோ அப்படி. அப்பார்ட்மெண்ட் கட்டுகிறவர் சொல்லும் தொகைக்கு இது ஈடாகாது, தெரியும். ஆனால் மகன் அந்தப் பணத்தை எதிர்பார்க்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

சீன முகம் இல்லாமல் சீனக் கடையா, ஜனங்கள் வருவார்களா என்று கேட்பீர்கள். சீனாவில் உங்கள் தாத்தா விட்டுவந்த மோயென்னில் இந்தச் சில்லி சிக்கன் கிடையாது. வங்காளிகளும் மார்வாடிகளும் பஞ்சாபிகளும் காரம் கேட்டுக் கேட்டு, உங்கள் ஜனங்கள் யோசித்து யோசித்து, இந்தக் கல்கத்தாவில் பிறந்த சாப்பாடு அது. துர்கா பூஜை நாட்களில் இரண்டு மணி நேரம் வெளியே காத்து நிற்கிற குடும்பங்கள் முகத்தைப் பார்க்கவா வருகிறார்கள்? வோக்கில் ஏறும் அந்தப் புகை வாசனைக்காக வருகிறார்கள். அது அவர் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் 20,000 சீனர்கள் இருந்ததாகச் சொல்லும் ஊரில் இப்போது சில ஆயிரம் பேர்தான். முகம் பார்த்துத்தான் கடையை ஒப்படைப்பது என்றால் கொஞ்ச நாளில் இங்கே ஒரு கடையும் மிஞ்சாது.

இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். பலகையில் இருக்கும் பெயரை மாற்ற வேண்டாம், சீன எழுத்தும் அப்படியே இருக்கட்டும். அப்புறம், உங்கள் அம்மாவின் அசல் படத்தை நீங்கள் எடுத்துப் போங்கள், ஒரு பிரதி அதே ஆணியில் தொங்கட்டும், கீழே ‘ஷில்லாங் – தேவ்லி – டாங்ரா’ என்று மூன்றே வார்த்தை எழுதி. யாராவது கேட்டால் அண்ணன் சொல்வார். அவருக்குக் கதை முழுக்கத் தெரியும், என்னைவிட முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

கார்ப்பரேஷன் லைசென்ஸ், பெயர் மாற்றம் என்று அலைய வேண்டியிருந்தால் சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள்தான் வேலை, நான் அலைகிறேன்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் கலைந்ததும் வருகிறேன். ஊருக்குப் போயிருந்த நண்பன் ஆம்பூர் பிரியாணி கொண்டுவருகிறான், போன தடவை உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்த் தொக்கும் சேர்த்து. அண்ணனையும் உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு வேளை அடுப்பு அணைந்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆம்பூர்ப் பையன்