காயாத வேட்டியும் பொதிகைத் தென்றலும்

ஸ்ரீரங்கம்,
ஜூன் 20.

அன்புள்ள கவிதாயினிக்கு,

நலம், நலமறிய ஆவல். என் முட்டுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது; மருமகள் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்; பேரன் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். குசலம் இத்துடன் முடிந்தது. தை மாதம் நீ அனுப்பிய பொட்டலத்துக்கு ஆனி பிறந்த பிறகு பதில் எழுதுகிறவளை எப்படித் திட்டுவது என்று யோசித்து வைத்திருப்பாய். விடுதிச் சமையற்காரம்மா நம் இருவரையும் சேர்த்துத் திட்டிய அந்தச் சொல்லையே பயன்படுத்திக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒன்று. நான் எழுதாமல் இருந்தது சோம்பலால் அன்று, வெட்கத்தால். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்த அன்றே நாற்பத்தாறு தாள்களையும் ஒரே இருப்பில் படித்தேன். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கவிதை எழுதும் சிக்கனம் உன்னைத் தவிர வேறு யாருக்கு வரும்! படித்தேன் என்று சொல்வதுகூடப் பொருந்தாது, திருத்தினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கை, எழுதிய தாளைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. பென்சிலை எடுத்து விட்ட இடத்தில் ஒற்றுப் போட்டேன், மிகுந்த இடத்தில் அடித்தேன், ஓரங்களில் 'நன்று', 'பரவாயில்லை' என்றெல்லாம் எழுதினேன். அப்போது இந்தத் தாளும் வந்தது:

மூன்றாம் நாளும் காயவில்லை
அவருடைய வேட்டி.
தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து
என் கைதான் ஈரமாயிற்று.

தென்காசிச் சாரலில் துணி காயாமல், கூடத்தில் கொடி கட்டி, வீடு முழுவதும் புழுங்கல் வாடை அடிப்பதைப் பற்றி நீ எத்தனை கடிதங்களில் புலம்பியிருக்கிறாய்! அந்தப் புலம்பல்தான் கவிதையாக வந்திருக்கிறது என்று எண்ணி, 'நன்று. ஆயினும் மூன்றாம் அடி கூறியது கூறல்' என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மாசியில் ஒரு நாள், தாள்களைத் தேதிவாரியாக அடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். வேட்டிக் கவிதையின் முன்பக்கம் ஆகஸ்ட் 9, ஆடி 24. வைகாசியில் உன் வீட்டுக் கூடத்தில் அவர் தலைமாட்டில் உன்னோடு உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டு மாதம் கழித்து அந்த வேட்டியை எதற்குத் துவைத்தாய் என்று கேட்கமாட்டேன். ஆனால் அதற்குக் 'கூறியது கூறல்' என்று குற்றம் எழுதிய கையை வைத்துக்கொண்டு உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் அதுதான்.

இப்போது ஆசிரியையாக அல்லாமல் படித்தவளாகச் சொல்கிறேன். நீ அந்த நான்கு அடியில் இறப்பு என்ற சொல்லை எழுதவில்லை, துயரம் என்றும் எழுதவில்லை. குறுந்தொகையின் 41ஆம் பாட்டை நம் தமிழம்மா நடத்தியது உனக்கு நினைவிருக்கும். நீ கடைசி வரிசையில் புளியங்காய் தின்றுகொண்டிருந்தாய். காதலர் அருகில் இருந்தால் விழாக் கொண்ட ஊரைப்போல மகிழ்வேன் என்கிறாள் தலைவி. அவர் அகன்ற நாளிலோ, மக்கள் விட்டுப் போய்விட்ட சீறூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டைப்போலப் பொலிவிழந்து வருந்துகிறேன் என்கிறாள். ஆள் நடமாட்டம் இருந்தால் முற்றத்தில் அணில் அப்படித் துணிந்து விளையாடுமா? அந்த வீட்டின் வெறுமை முழுவதையும் ஓர் அணிலின் தலையில் ஏற்றிய கவிஞரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடிய 'அணிலாடு முன்றில்' என்ற தொடரையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்கிறோம். நல்ல வேளை, நீ அந்தக் காலத்தில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் 'காயா வேட்டியார்' என்று ஏட்டில் ஏறியிருப்பாய்.

புகழ்ந்தது போதும். நாற்பத்தாறில் பதினொன்றுதான் உன்னுடையவை. மற்றவை நீ எங்கோ கேட்டவை, கைமாற்றாக வாங்கியவை. 'பொதிகைத் தென்றலே, பூக்களின் காதலியே' என்று எந்தத் தைரியத்தில் எழுதினாய்? உன் சமையலறைச் சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. அந்த மலையில் நீ பார்த்த ஒன்றாவது அந்தப் பாட்டில் இருக்கிறதா? சென்னையை விட்டு வெளியே வராதவர்கூட அதை எழுதிவிடலாம். பொதிகை என்ற சொல்லை ரயிலுக்கு விட்டுவிடு, அது பாவம் செங்கோட்டைக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருக்கட்டும். குயில் கவிதையிலும் அதே கோளாறுதான். 'தோழி, உன் துணைவன் எங்கே என்று கூவுகிறாயோ' என்கிறாய். கூவுவதே துணைவன்தான்! கூ... கூ... என்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போகும் அந்தக் குரல் கறுத்த ஆண் குயிலுடையது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த பெட்டை அப்படிப் பாடுவதில்லை. அவள் காக்கைக் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் கொல்லை வேம்பில் பேரன் காட்டித்தான் எனக்கே இது தெரிந்தது. அத்தனை ஆண்டுகள் வகுப்பில் குயிலைப் பெண்ணாகவே பாடம் நடத்தியவள் நான் என்பதை நீ வெளியே சொல்லவேண்டாம்.

இந்தப் பொய்த் தென்றலுக்குப் பக்கத்திலேயே இதையும் நீதான் எழுதியிருக்கிறாய்:

சிலிண்டர் உருட்டிவரும் சத்தம்.
தெருநாய் எழுந்து
இடம்விட்டுப் படுக்கிறது.

இதில் ஓர் எழுத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. யாப்புத் தெரியாமல் எழுதுகிறோமே என்று நீ கவலைப்பட்டிருந்தாய். அந்தச் சண்டையை 1959இல் சி.சு. செல்லப்பா புதுக்கவிதைக்கு இடம் தந்த 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில் நம்மைவிடப் பெரியவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

என் கவலை வேறு. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில், புத்தகம் போடப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. முந்நூறு படிகளுக்கான செலவை நீயே ஏற்கவேண்டும், அணிந்துரையும் வெளியீட்டு விழாவும் அவர் பொறுப்பு என்று பதிப்பிக்கிறவர் சொன்னாராம். பணத்தைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1988இல் ஒற்றை வளையலை அடகு வைத்து நான் அச்சிட்ட ஐந்நூறு படிகளில், உனக்கும் உன் வீட்டாருக்கும் நம் விடுதிக் கூட்டத்துக்கும் இலவசமாகத் தந்தவை போக, மீதி இன்றும் பரணில்தான் இருக்கிறது. அவற்றை அடியிலிருந்து அட்டைவரை ஊன்றிப் படித்த வாசகர் இராமபாணப் பூச்சி ஒன்றே. வளையல் மீளவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

பணம் போனால் போகட்டும். ஒவ்வொரு கவிதைக்கும் கீழே 'முத்தாய்ப்பாக' ஒரு வரி சேர்க்கச் சொன்னாராமே, அதற்கு நீயும் தலையாட்டினாயாமே, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. 'என் கைதான் ஈரமாயிற்று' என்பதன் கீழே 'கண்களும்தான்' என்று போட்டால் உருக்கமாக இருக்கும் என்று அவர் சொன்னதை நீ பெருமையோடு எழுதியிருந்தாய். அடியே, அந்த வரி வந்தால் அந்த வேட்டி அந்த நிமிடமே காய்ந்துவிடும்! நான் பென்சிலால் செய்த கொடுமையையாவது அழித்துவிடலாம், அவர் அச்சில் செய்யப் பார்க்கிறார். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது, வேண்டாத சொல் சேர்க்காத அதன் சுருக்கத்தைத்தான் வியந்து எழுதினார். நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் நமக்கு ஒரு வரி கூடுதலாக வேண்டியிருக்கிறது.

ஆகவே முன்பணம் கொடுத்துவிடாதே. அந்தப் பதினொன்றையும் உன் கையெழுத்திலேயே நல்ல தாளில் எழுது. உன் எழுத்து அச்சைவிட அழகு. இருபது படி நகலெடுத்துத் தைத்து, உன்னவரை அறிந்தவர்களுக்குக் கொடு. மற்றதை அடுத்த ஆண்டு பார்ப்போம். அதற்குள் இன்னும் எத்தனை நாட்காட்டித் தாள் கிழிபடப் போகிறதோ.

உன் தாள்களை அஞ்சலில் அனுப்பப் பயமாக இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன். என் பென்சில் குறிப்புகளை எல்லாம் ரப்பரால் அழித்துவிட்டேன். வேட்டிக் கவிதையில் மட்டும் தாள் மெலிந்திருந்ததால் அழுத்தித் தேய்க்கத் துணியவில்லை. 'கூறியது' போய்விட்டது, 'கூறல்' மங்கலாக நிற்கிறது. பார்க்கும்போது திட்டிக்கொள்.

ஆடி முதல் வாரத்தில் பொதிகையிலேயே வருகிறேன். சாரல் பிடித்திருந்தால் எனக்கென்று காய்ந்த துண்டு ஒன்று எடுத்து வை.

உன்,
பழைய அறைத்தோழி