லார்சனுக்கு முந்தைய வருடத்து 2-0

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்க பேஸ்பால் கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1956 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்; ஏழில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கே கோப்பை) நியூயார்க் யாங்கீஸின் பந்துவீச்சாளர் டான் லார்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸின் 27 பேரை வரிசையாக வெளியேற்றிய ஆட்டத்துக்குக் கட்டுரையாளர் முழுப் பக்கம் கொடுத்திருந்தார். சரி, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதே இரண்டு அணிகள், அதே யாங்கி ஸ்டேடியம், அதே 2-0 கணக்கு, முந்தைய வருடம் அப்படியே தலைகீழாக நடந்ததே! அதற்கு ஒரு வரி கூடக் கிடையாது. என்னைக் கேட்டால், இரண்டில் அதுதான் பெரிய ஆட்டம்.

1955 அக்டோபர் 4. தொடர் 3-3 என்று நிற்க, கடைசியான ஏழாவது ஆட்டம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அதற்குமுன் ஏழு தடவை உலகத் தொடருக்குப் போய் ஏழிலும் தோற்ற அணி. அதில் ஐந்து தடவை யாங்கீஸிடம்தான் அடி. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பது புரூக்ளின்காரர்களுக்கு மனப்பாடம். அன்று அணியின் நட்சத்திரம் ஜாக்கி ராபின்சனும் களத்தில் இல்லை. பந்து வீசியவர் ஜானி போட்ரஸ். வயது 23; அந்த சீசனில் 9 வெற்றி, 10 தோல்வி. யாரும் பயப்படும் கணக்கில்லை.

லார்சன் வீசியபோது டாட்ஜர்ஸில் ஒருவர் கூட முதல் பேஸைத் தொடவில்லை (அடித்தவர் நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்). போட்ரஸிடமோ யாங்கீஸ் 8 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) அடித்தார்கள், ரன்தான் வரவில்லை. டாட்ஜர்ஸின் கில் ஹாட்ஜஸ் எடுத்துக் கொடுத்த இரண்டே ரன்னை வைத்துக்கொண்டு, பேஸில் ஆள் நிற்க நிற்க வீசியிருக்கிறார் மனிதர்.

ஆறாவது இன்னிங்ஸைப் பாருங்கள். அவுட் ஏதுமில்லை, முதல் இரண்டு பேஸிலும் ஆள். அடிக்க வந்தவர் யாங்கீஸின் யோகி பெர்ரா. இடக்கை ஆட்டக்காரர், வலப்பக்கம்தான் இழுத்து அடிப்பார் என்று டாட்ஜர்ஸ் வீரர்கள் அந்தப் பக்கமே தள்ளி நின்றார்கள். பந்து போனதோ இடது மூலைக் கோட்டை ஒட்டி. அங்கே நின்றவர் கியூபாவின் சாண்டி அமோரோஸ். அந்த இன்னிங்ஸில்தான் உள்ளே வந்திருந்தார். தலைதெறிக்க ஓடிவந்து வலது கையை நீட்டிப் பிடித்தார். அவர் இடது கையால் எறிபவர் என்பதால் கையுறை வலது கையில். அவருக்கு முன்பு அங்கே நின்ற ஜிம் கில்லியமின் கையுறை இடது கையில்; அவர் பிடித்திருப்பாரா என்பது சந்தேகமே. பிடித்த கையோடு அமோரோஸ் பீ வீ ரீஸுக்கு எறிய, ரீஸ் முதல் பேஸில் நின்ற ஹாட்ஜஸுக்கு எறிய, அந்த பேஸை விட்டு வெகுதூரம் ஓடியிருந்த யாங்கீஸின் மெக்டூகல்ட் திரும்புவதற்குள் அவரும் அவுட் (பந்தை நேராகப் பிடித்துவிட்டால் ஓடியவர் தன் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும்). ஒரே அடியில் இரண்டு பேர் காலி.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அப்படியானால் எட்டாவது இன்னிங்ஸுக்கு என்ன சொல்வார்கள்? முதல் பேஸிலும் மூன்றாவதிலும் ஆள், ஒரு அவுட், மறுபடியும் பெர்ரா. இந்த முறை பந்து உயர எழும்பி வலப்பக்கம் கிட்டத்திலேயே டாட்ஜர்ஸின் ஃபுரில்லோ கையில் விழுந்தது. மூன்றாவது பேஸில் நின்றவரால் நகர முடியவில்லை. அடுத்து வந்த ஹாங்க் பாயர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று முறை அடிக்கத் தவறினால் அவுட்). அதில் ஃபீல்டர்கள் யாருக்கும் வேலையே இல்லை.

இன்னொன்று. லார்சன் வீசியது தொடரின் ஐந்தாவது ஆட்டம். அன்று தோற்றிருந்தாலும் யாங்கீஸுக்கு இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. போட்ரஸுக்கு அந்த வசதி இல்லை. புரூக்ளின் ஜெயித்த ஒரே உலகத் தொடரும் அதுதான். 1957 சீசன் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கே குடிபெயர்ந்துவிட்டது.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால் போட்ரஸுக்குப் பாதிப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். படம் போட இடமிருந்தால், தயவுசெய்து அமோரோஸ் படத்தைப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.