பட்டனை அமுக்குவது யார்?

ஆசிரியருக்கு,

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்றால் பட்டனை அமுக்கிப் பார்க்கும் வேலைதானே என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பதினோரு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். இப்போது அமுக்குவது என் விரல் இல்லை, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற மென்பொருள். 2004-இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கி வைத்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதினால் குரோம் தானே திறக்கும், படிவத்தை நிரப்பும், பட்டனையும் அமுக்கும்.

முன்பெல்லாம் குரோம் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். செலினியத்தின் கட்டளைகளை அதற்குக் கொண்டுசேர்க்கும் குரோம்டிரைவர் பழசாகவே கிடக்கும்; இரண்டும் ஒத்துப்போகாது. காலையில் வந்து பார்த்தால் சோதனைகள் தோற்றுத் திரை முழுக்கச் சிவப்பு. 2022-இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து சரியான டிரைவரைச் செலினியமே தேடி எடுத்துக்கொள்கிறது. அந்தத் தலைவலி விட்டது.

போன மாதம் ஒரு கடையின் தளத்தில், 'பணம் செலுத்து' பட்டனின் மேல் குக்கீ அனுமதி கேட்கும் பெட்டி உட்கார்ந்திருந்தது. கையால் சோதித்த நாங்கள் எல்லாரும் (நானும்தான்) பழக்கதோஷத்தில் அதை மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். செலினியத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 'வேறொன்று குறுக்கே நிற்கிறது, அமுக்க முடியவில்லை' என்று அங்கேயே நின்றுவிட்டது.

எந்தப் பட்டனை, எப்போது, எதற்காக அமுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் ஐயா எங்கள் வேலை.

ஒரு டெஸ்டர்,
கோயம்புத்தூர்