ஐந்தொகை நேராகும் வரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துப்பறியும் தொடர்கள் கொலையைச் சுவையாக்கி வீட்டுக்குள் கொண்டுவருகின்றன என்று வருந்தி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அத்தொடர்களைப் பல்லாண்டுகளாக விரும்பிப் பார்த்து வருபவன் என்ற முறையில், எங்களைத் தொலைக்காட்சி முன் உட்கார வைப்பது கொலை அன்று என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் என் அப்பச்சி (அப்பா) ஐந்தொகை, அதாவது பேரேட்டுக் கணக்குகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் கணக்கு, எடுக்கும்போது, பற்றுக்கும் வரவுக்கும் ஒரு காசு வித்தியாசம் வந்தாலும் பேரேட்டை மூடமாட்டார்கள். அந்தக் காசு பெரிதன்று. எங்கோ ஒரு வரியில் பிழை ஒளிந்திருக்கிறது, பொறுமையாகத் தேடினால் அகப்படும் என்ற நம்பிக்கைதான் அவர்களை நள்ளிரவு வரை வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) விழித்திருக்க வைத்தது. நல்ல துப்பறியும் தொடரைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரவுகளே நினைவுக்கு வருகின்றன.

1993-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘பியோம்கேஷ் பக்ஷி’ என்ற இந்தித் துப்பறியும் தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது, இந்தியில் ஒரு சொல்லும் அறியாத என் ஆத்தா (அம்மா), பேசுகிறவர்களின் முகத்தையும் கையையும் மட்டும் கவனித்து, “இவன் சொல்றது பொய்” என்று பலமுறை சரியாகச் சொன்னார்கள். அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’ பெரும்பாலும் கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடும்; அவன் எந்த இடத்தில் சறுக்கினான் என்பதைத் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் கண்டுபிடிப்பதைக் காணத்தான் மக்கள் காத்திருந்தார்கள். 1998-இல் தொடங்கிய இந்தித் தொடரான ‘சி.ஐ.டி.’ இருபது ஆண்டுகள் ஓடி, 2018-இல் நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் வந்ததற்கும், எடுத்த வழக்கை முடித்துக் காட்டும் அதன் வழக்கம் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

என் மனக்குறை வேறு. நம் நெடுந்தொடர்கள் சில ஒரு கொலையை மாதக்கணக்கில் இழுத்து, இறுதி நாளில், அதுவரை முகமே காட்டாத ஒருவனைக் குற்றவாளி என்று நிறுத்துகின்றன. பேரேட்டில் இல்லாத பற்றை ஐந்தொகையில் எழுதுவதற்கு இது சமம். காவல் அதிகாரியின் முன் குற்றவாளி அழுது ஒப்புக்கொள்வதோடு கதையை முடிப்பதும் அப்படியே. அத்தகைய வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் அதையே கூறுகிறது. ஆகவே தடயத்தைத் தேடிச் சேர்க்கும் உழைப்பைக் காட்டாத தொடர், கதையின் உயிரான பகுதியையே விட்டுவிடுகிறது.

படப்பிடிப்புக்காகச் செட்டிநாட்டு வீடுகளைத் தேடி வருபவர்கள், அவற்றைப் பேய் வீடாகவோ பண்ணையார் வீடாகவோ மட்டும் காட்டாமல், இரண்டாம் கட்டின் சாவி யார் இடுப்பில் இருந்தது, பழைய கணக்கில் எந்த வரி திருத்தப்பட்டது என்று பார்வையாளரும் கூடவே தேடக்கூடிய ஒரு கதையை எழுதட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். இங்கே வீடு வீடாகப் பார்ப்போம்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகர்