டஸ்டுமேனா உல்லாசக் கப்பல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் அலாஸ்காவின் டஸ்டுமேனா கப்பலைப் பற்றி வெளியான கட்டுரை, அதை அல்யூஷியன் தீவுகளைச் சுற்றிப் பார்ப்பதற்கான மலிவான உல்லாசக் கப்பல் என்று வருணித்திருந்தது. அக்கப்பலில் அலாஸ்காவின் ஹோமர் துறைமுகத்திலிருந்து கோடியாக் தீவு வரை ஓர் இரவு பயணம் செய்தவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன்.

இக்கப்பல் சென்று நிற்கும் சிக்னிக், சாண்ட் பாயின்ட், கிங் கோவ், ஃபால்ஸ் பாஸ் போன்ற சிற்றூர்களுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. சிறு விமானங்கள் உண்டு என்றாலும், மூடுபனியும் காற்றும் வழிவிட்டால்தான் அவை இறங்கும். ஒரு காரை அவற்றில் ஏற்றிச் செல்லவும் முடியாது. மாநில அரசு இந்தக் கப்பல் சேவைக்குக் 'கடல் நெடுஞ்சாலை' என்று பெயரிட்டிருப்பது வெறும் அலங்காரம் அன்று.

ஹோமர் துறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். அங்கே ஏற்றவற்றத்தில் நீர்மட்டம் இருபது அடிக்கு மேலும் மாறும். ஆகவே, கப்பலிலேயே ஒரு பெரிய மின்தூக்கி இருக்கிறது. ஜன்னல் சட்டங்களும் டயர்களும் அடுக்கிய பிக்கப் வண்டியை ஓர் அம்மையார் அதன் மேல் மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினார்; பணியாளர் கையசைக்க, வண்டி அப்படியே திருப்பப்பட்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கியது. பிறகு அடுத்த வண்டி. நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் சிறிய ஊர்களின் எளிய துறைகளிலும் வண்டிகளை ஏற்றி இறக்க இதுவே வழி. அந்த அம்மையார் சாண்ட் பாயின்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

இக்கப்பல் கட்டப்பட்டது 1964இல். 2017இல் பழுதுபார்ப்பின்போது எஃகு அரித்துப்போயிருப்பது தெரியவந்து, கோடைப் பயணங்கள் பல ரத்தாயின. இவ்வூர்கள் வழியாக, கடைசி நிறுத்தமான உனலாஸ்கா வரை கோடையில் மட்டுமே, அதுவும் மாதம் ஓரிரு முறைதான் கப்பல் போகும் நிலையில், ஒரு பயணம் நின்றால் அந்த ஜன்னல் சட்டங்கள் எத்தனை வாரம் காத்துக்கிடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதே சேவையில் 1998இல் வந்த கென்னிகாட் என்ற கப்பலும் ஆழ்கடலில் செல்லக்கூடியதே. ஆனால் அளவில் பெரிய அது, இவ்வூர்களின் சில துறைகளில் அணைய இயலாது. மாற்றுக் கப்பலைப் பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நீள்வது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

தங்கள் கட்டுரையைப் படித்துப் பயணத்துக்கு முன்பதிவு செய்யும் வாசகர்கள், வாகனத் தளத்தின் இடத்தை அவ்வூர் மக்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளும் வகையில், ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்